பின்னாடி யார் பார்க்கப் போறாங்க?

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் பட்டறை. லாரிக்குப் பட்டை மாற்றுகிற இடம். ஓடி ஓய்ந்த பட்டைகள் வாசலில் குவிந்து கிடக்கும். அங்கேயிருந்து கொல்லனிடம் போய் அருவாளாக மறுபிறவி எடுக்கும். போன வாரம் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், நாலு ஸ்டாண்டின் மேல் ஒரு கான்டெஸா நின்றுகொண்டிருந்தது. கறுப்பு. கண்ணாடி மாதிரி பாலிஷ்.

ஓனர் ஒரு இளைஞர். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். இருங்காட்டுக்கோட்டை மைதானத்தில் ஓட்டணும், கொஞ்சம் டிரிஃப்டும் பண்ணணும் என்று ஆசை. கையில் ஒரு லிஸ்ட். சிவப்புக் கலரில் பளபளக்கும் அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர். உயரம் குறைந்த ஸ்பிரிங். பின் டிஃபரன்ஷியலுக்குள் வெல்டிங். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அப்பாவிடம் பாதி, கூட்டாளிகளிடம் பாதி.

நான் குனிந்து அடியில் பார்த்தேன். பின் அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தண்டு ஒன்றைக் கையால் ஆட்டினேன். ஆடியது! முனையில் இருக்கிற ரப்பர் புஷ், வெயிலில் காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரி வெடித்திருந்தது.

"ஏம்ப்பா, இத மாத்தலையா?"

"அது கெடக்குது சார். அப்புறம் பாத்துக்கலாம். அடியில யார் சார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிராகத்தான்.

நான் பி.காம். படித்தவன். எஞ்சினியர் இல்லை. ஆனால் எங்கள் பாடத்தில் 'தேய்மானம்' என்று ஒரு சமாசாரம் உண்டு. பொருள் பார்வைக்குப் புதுசாகவே இருக்கும். கணக்கில் மட்டும் வருஷா வருஷம் மதிப்பு குறைந்துகொண்டே வரும். எழுதாமல் விட்டால் லாபம் அமோகமாகத் தெரியும், ஒருநாள் கம்பெனி உட்காரும். காரின் பின்பக்கத்துக்கு அதே வார்த்தை, அதே கதை. நம் ஆட்கள் பழைய காரை வாங்கியதும் பெயின்ட், மியூசிக், சைலன்ஸர், அலாய் வீல், அதற்கப்புறம் எஞ்சின் என்று போவார்கள். பின் சஸ்பென்ஷனுக்கு மிச்சக் காசு. மிச்சம் இருந்தால்!

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கான்டெஸா, அம்பாஸடர், பியட் பத்மினி மூன்றிலும் எஞ்சின் முன்னால், ஓடுவது பின் சக்கரம். பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையான அச்சு இணைக்கிறது. அம்பாஸடரிலும் பத்மினியிலும் அந்த அச்சு பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பட்டைக்கு இரட்டை உத்தியோகம்: எடையைத் தாங்கணும், அச்சு முன்னே பின்னே ஓடாமல் பிடித்துக்கொள்ளவும் வேணும். கான்டெஸாவில் சுருள் ஸ்பிரிங். சுருளுக்கு எடையைத் தாங்க மட்டும்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது. அதனால் பிடிக்கிற வேலைக்குத் தனியாகத் தண்டுகள். தண்டின் இரு முனையிலும் ரப்பர் புஷ்.

அந்த ரப்பர் போய்விட்டால்? அச்சு ஒரு பக்கம் அரை விரல் முன்னால், மறுபக்கம் அரை விரல் பின்னால் நகரும். அதாவது பின் சக்கரம் தானாகவே ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பிக்கும். முன்னால் நீங்கள் ஒரு டிரைவர், பின்னால் உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு டிரைவர். டிரிஃப்ட் என்பது என்ன? பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, அந்த வழுக்கலை ஸ்டியரிங்கிலும் ஆக்ஸிலரேட்டரிலும் பிடித்து வைத்திருக்கிற வித்தை. வழுக்கல் எப்போது ஆரம்பிக்கும், எவ்வளவு வரும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கணும். ஆடுகிற புஷ்ஷின் மேல் பளபளக்கும் ஷாக்கை மாட்டுவது, கரையான் அரித்த வாசக்காலில் புதுப் பூட்டு மாட்டுகிற மாதிரி.

"பெரிய கம்பெனிக்காரனே பின்பக்கத்தைச் சரியா யோசிக்கலையே, இந்தப் பையனை ஏன் சாடுறீங்க?" என்று கேட்பீர்கள். நியாயம். அதற்கும் இதே ரோட்டில் ஒரு கதை இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து சென்னைக்குப் போனால், தாம்பரத்துக்கு முன்னால் வண்டலூர், பெருங்களத்தூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1961லிருந்து அவர்கள் செய்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், மதராஸ் பதிப்பு. அழகான கார். டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்தார்கள். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் பியட்டோடு ஹெரால்டும் மல்லுக்கு நின்றது.

அதன் பின்பக்கம் ஒரு தனி ரகம். டிஃபரன்ஷியல் நடுவில் ஃப்ரேமோடு அசையாமல் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கை மாதிரி ஆக்ஸில். மேலே குறுக்காக ஒரே பட்டைக் கட்டு. உங்கள் கையையே நீட்டிப் பாருங்கள். தோளில் மூட்டு உண்டு, மணிக்கட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை மேலே போனாலும் கீழே போனாலும் உள்ளங்கையும் கூடவே சாயும். ஹெரால்டின் சக்கரம் அந்த உள்ளங்கை. வளைவில் வேகமாகப் போகிறீர்கள். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். காரின் பின்பக்கம் எழும்புகிறது. வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி, டயரின் ஓரத்தில் நிற்கிறது. பிடி போச்சு. பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும்.

அமெரிக்காவில் இதே மாதிரி பின்பக்கம் வைத்த செவர்லே கார்வேர் காரைப் பற்றி ரால்ஃப் நாடெர் 1965ல் புத்தகமே எழுதினார். முதல் அத்தியாயமே அந்தக் கார்தான். கம்பெனி 1964 மாடலில் குறுக்கே ஒரு பட்டையைச் சேர்த்தது. 1965 மாடலில் பின்பக்கத்தையே புதுசாகச் செய்தது. பிற்பாடு, 1972ல், அமெரிக்க அரசுத் துறை சோதித்துப் பார்த்து 'அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை' என்று சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அது இருக்கட்டும். பின் சஸ்பென்ஷன் ஒரு நாட்டின் பத்திரிகைகளில் சண்டைக்குரிய விஷயமாக இருந்ததே, அதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் டிரையம்ஃப்காரர்கள் 1970ல் ஸ்பிட்ஃபயர் காருக்கு ஒரு மலிவான யோசனை செய்தார்கள். குறுக்குப் பட்டைக் கட்டு முழுவதையும் இறுக்கிக் கட்டாமல், ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மிச்சத்தை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டார்கள். கார் சாயும்போது பின்பக்கம் விறைத்துக்கொண்டு எகிறாது. அந்த விறைப்பை முன்பக்கம் கனமான கம்பி போட்டு ஈடுகட்டினார்கள். அவ்வளவுதான். மடங்குகிற வியாதி பெருமளவு குணம்.

நம் பெருங்களத்தூர்க்காரர்கள்? 1972ல் ஹெரால்டை மாற்றி 'கெஸல்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் இருந்த ஊஞ்சல் சமாசாரத்தைக் கழற்றி வீசிவிட்டு, கட்டை அச்சும் நீளப் பட்டையும் போட்டார்கள். மாட்டுவண்டித் தொழில்நுட்பம் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு என்னவோ அது புத்திசாலித்தனமான முடிவு என்றே படுகிறது. நம் ரோட்டில், நம் மெக்கானிக் கையில், நாற்பது ரூபாய் யூ போல்ட்டால் ஒழுங்காகப் பிடித்து வைக்க முடிகிற அச்சு, யாருக்கும் புரியாத நவீன அச்சைவிட மேல். ஒரு கார் கம்பெனி கௌரவம் பார்க்காமல் பின்பக்கத்தைப் பற்றி யோசித்த சம்பவம் அது. அதை நினைத்துக்கொண்டு நம் கான்டெஸா தம்பியிடம் வருவோம்.

அவர் லிஸ்ட்டில் இரண்டாவது, உயரம் குறைந்த ஸ்பிரிங். காசு போதவில்லை என்றால் இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிடலாம் என்று கூட்டாளி ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். இந்த வெட்டுகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுருளை வெட்டினால் வண்டி தாழும், உண்மை. ஷாக் அப்சார்பர் ஓடுவதற்கான தூரமும் குறையும். ஒரு பள்ளத்தில் அச்சு மேலே போய் ரப்பர் கட்டையில் முட்டும். முட்டிய அந்த நொடி அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. வளைவில் அது நடந்தால் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். வண்டி மேட்டில் ஏறி அச்சு தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் உட்கார்ந்த இடத்தைவிட்டே நழுவலாம். கேஸ் வைத்துச் சூடு காட்டித் தாழ்த்துகிற மகான்களும் இருக்கிறார்கள். சூடு பட்ட எஃகு பதம் இழந்துவிடும். அப்புறம் அது ஸ்பிரிங் இல்லை, சுருட்டி வைத்த கம்பி.

எதிர்க்கோஷ்டி ஒன்று உண்டு. "இன்னா சார், தொங்குதா? ரெண்டு பட்டை சேத்து வுட்டா கும்முனு நிக்கும்!" இது லாரி வைத்தியம். அம்பாஸடருக்கும் பத்மினிக்கும் தாராளமாக நடக்கிறது. பின்பக்கம் மட்டும் விறைத்தால், பின் சக்கரம் ஓட்டுகிற கார் வளைவில் முதலில் பின்னால்தான் வழுக்கும். மழை நாளில் ஓங்கூர்ப் பாலம் தாண்டும்போது அது தெரியும்.

இன்னொரு ஃபேஷன், எல்லா ரப்பரையும் எடுத்துவிட்டு இரும்புக் குண்டு மூட்டோ கெட்டியான பிளாஸ்டிக் புஷ்ஷோ போடுவது. 'ரேஸ் கார்ல இதான் சார்.' ரேஸ் காரில் இருக்கலாம். ஆனால் நாலு தண்டில் நிற்கிற கட்டை அச்சில், ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏறும்போது தண்டுகள் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் ரப்பர் தருகிறது. எல்லாவற்றையும் கெட்டியாக்கினால் அச்சு மடங்கமுடியாமல் இறுகும். எங்கேயாவது பிராக்கெட் கிழியும். ரப்பர் கேவலமில்லை ஐயா!

டிஃபரன்ஷியல் வெல்டிங் பற்றி ஒன்றே ஒன்று. டிரிஃப்ட் பண்ண அது மலிவு வழிதான், மறுக்கவில்லை. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் ஆடிவிட்டு அதே காரில் நூறு கிலோமீட்டர் சொச்சம் திண்டிவனத்துக்குத் திரும்பி வரணுமே? ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சக்கரம் இழுபடும், ஆக்ஸிலுக்கு முறுக்கு ஏறும். அப்படி ஆசை இருந்தால் காரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகணும்.

"சட்டம் என்ன சொல்லுது?" சட்டம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும்கூட விழலாம். படிக்க நன்றாக இருக்கிறது. என் பழைய காருக்கு மறுபதிவு செய்ய ஒரு ஆபீஸுக்குப் போனேன். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். விளக்கைப் போடச் சொன்னார்கள். ஒருத்தராவது குனியணுமே! வெடித்த புஷ்ஷுக்கு இந்தப் பிரிவில் அபராதம் கிடையாது. அதை யாரும் 'மாற்றவில்லை' அல்லவா?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். 1996ல் என் சித்தப்பா அம்பாஸடரில் அச்சிறுபாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். கல்யாண வீட்டுப் பாத்திரம் டிக்கியில். ஒரு பக்கம் யூ போல்ட் லூஸாகி எத்தனை நாளாச்சோ. நடு போல்ட் அறுந்தது. பட்டையின் மேல் அச்சு ஒரு பக்கம் மட்டும் பின்னால் நகர்ந்துவிட்டது. ஸ்டியரிங் நேராக இருக்க, கார் குறுக்கே போனது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் புளியமரம். சித்தப்பா பிழைத்தார். இடது முழங்கால் இன்றுவரை மடங்காது, சாப்பிட நாற்காலிதான். அந்த வருஷம் அந்தக் காருக்குப் புது சீட் கவரும் புது டேப் ரெக்கார்டரும் போட்டிருந்தார். யூ போல்ட்டை டைட் வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"பார்ட்ஸ் கெடைக்க மாட்டேங்குது சார். கான்டெஸாவ 2002லயே நிறுத்திட்டான்" என்றார் தம்பி. இது மட்டும் உண்மையான வாதம், ஒப்புக்கொள்கிறேன். கார் விற்கும்போது சொர்க்கத்தைக் காட்டுகிற கம்பெனிகள், கடையை மூடியதும் உதிரி பாகத்தையும் சேர்த்து மூடிவிடுகின்றன. புதுப்பேட்டைக்கு ஓடவேண்டியிருக்கிறது. புதுப்பேட்டையில் தண்டு வாங்கலாம், பிராக்கெட் வாங்கலாம், அச்சே வாங்கலாம். ரப்பரையும் ஷாக்கையும் மட்டும் செகண்ட்ஹேண்ட் வாங்காதீர்கள். ஒருவர் காரில் செத்தது உங்கள் காரில் உயிரோடு எழாது. புஷ்ஷின் உள்குழாயை உள்ளூர் லேத்தில் கடைந்து, ரப்பரை அளவு கொடுத்து வார்த்து வாங்க முடியும். பேரம் பேசாமல் கொடுத்தாலும் ஷாக் விலையில் கால்வாசிகூட ஆகாது. அதற்கப்புறம் நல்ல ஷாக், ஜோடியாக. அதோடு மைதானத்துக்குப் போய் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் தாழ வேண்டுமா என்று யோசிக்கலாம். வெல்டிங் கடைசி.

பட்டறைக்காரர் இதையெல்லாம் பீடி பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, கடப்பாரையை அந்தத் தண்டின் இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். வெடித்த ரப்பர் இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. தம்பி அதை எடுத்துக் கையில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயா சார் நேத்து நூத்திப்பத்துல வந்தேன்?"

பட்டறைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, லிஸ்ட்டை வாங்கி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். புஷ் எட்டு.