மகளும் அல்லள், பணிப்பெண்ணும் அல்லள்



பிரெஞ்சு மொழியில் 'ஓ பேர்' என்றொரு சொற்றொடர் உண்டு. 'சமநிலையில்' என்பது அதன் பொருள். அயல்நாட்டு இளம்பெண் ஒருத்தி ஒரு குடும்பத்தோடு தங்கி, அவ்வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, உணவும் உறையுளும் சிறிது கைச்செலவுப் பணமும் பெற்று, அந்நாட்டு மொழியையும் வாழ்க்கை முறையையும் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் இது. நம் மொழியில் இதற்கு நேரான சொல் இல்லை. ஆயா என்றால் கூலிக்கு வந்தவள் ஆகிவிடுகிறாள். செவிலித்தாய் என்றால் சங்க இலக்கியத்துக்குப் போய்விடுகிறோம். விருந்தாளி என்றாலோ, எந்த விருந்தாளியும் காலை ஆறரை மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்கு மதிய உணவு கட்டிக் கொடுப்பதில்லை. பெயர் கிடைக்காத இந்த உறவைக் குறித்தே இம்மாதம் உங்களோடு சிறிது உரையாட விழைகிறேன்.

ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். 1969ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஐரோப்பிய மன்றம் இதற்கென ஓர் உடன்படிக்கையே செய்தது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை வாங்கலாகாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். மாதத்தில் ஓர் ஓய்வு நாளேனும் ஞாயிற்றுக்கிழமையாக இருத்தல் வேண்டும். இறைவழிபாட்டில் பங்குகொள்ள முழு வாய்ப்பு அளித்தல் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். பிள்ளை பார்க்க வந்த பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து அரசுகள் கூடி அமர்ந்து எழுதிவைத்தன என்பது எனக்கு வியப்பளிக்கிறது. எழுதிவைக்கவேண்டிய நிலை இருந்தது என்பதையும் அதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கம் 1986இல் ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கிற்று. முதலில் மேற்கு ஐரோப்பியப் பெண்களே சென்றனர். பின்னர்க் கொலம்பியா, பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து எனக் கதவு அகன்றது. 2019ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு இருபதாயிரம் பேர் செல்லும் நிலை உண்டாயிற்று. சில இளைஞர்களும் செல்வதுண்டு. ஆயினும் மிகப் பெரும்பாலோர் பெண்களே. பதினெட்டு முதல் இருபத்தாறு வயதுக்குட்பட்டவராயும், பள்ளிப் படிப்பை முடித்தவராயும், ஆங்கிலம் பேசக்கூடியவராயும் இருத்தல் வேண்டும். அவர்களுக்கு அளிக்கப்படும் நுழைவுச் சீட்டு வேலைக்கானதன்று, பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கானது. இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வழக்குகளுக்கெல்லாம் இதுவே வேர்.

விதிகளைக் குறை சொல்வதற்கில்லை. வாரத்துக்கு 45 மணி நேரம், நாளுக்கு 10 மணி நேரம், அதற்கு மேல் வேலை கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு முழுமையாக அவளுடையது. ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை. தனி அறை. கல்லூரியில் சிறிது படிக்க வேண்டும். அதற்கு 500 டாலர் வரையில் குடும்பத்தார் தரவேண்டும். குழந்தைகளின் உணவு, உடை, விளையாட்டு, பள்ளிக்கு அழைத்துச் செல்லல் இவையே அவள் பொறுப்பு. வீடு முழுவதையும் பெருக்கித் துடைத்தல் அவள் வேலையன்று. குழந்தைகளின் துணியை அவள் துவைக்கலாம். தகப்பனாரின் சட்டையை அவளிடம் போடக்கூடாது. அந்த வேறுபாட்டைத் துவைக்கும் இயந்திரம் அறியாது என்பதுதான் தொல்லை.

பணத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2009 ஜூலையில் அந்நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராக உயர்ந்தது. அதனை 45ஆல் பெருக்கினால் 326 டாலர் 25 செண்டு. அதில் நூற்றுக்கு நாற்பது பங்கை உறையுளுக்கும் உணவுக்குமாகக் கழித்தனர். எஞ்சியது 195 டாலர் 75 செண்டு. வாரந்தோறும் இதுவே கொடுக்கப்படவேண்டிய மிகக் குறைந்த தொகை. மகளென்றால் சாப்பாட்டுக்குக் கழிவு ஏது? பணியாளென்றால், எசமானரின் குழந்தை அழும்போது அருகிலிருக்கும் பொருட்டே அவ்வீட்டில் தங்குபவளிடம் வாடகை வாங்குவது எந்த நியாயம்? அந்த நாற்பது பங்கில்தான் இவ்வுறவின் சிக்கல் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கொலம்பியாவிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த இருபது வயதுப் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து தாய் திரும்ப ஒரு மணி நேரம் தாமதமாகிறது. "நீயும் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதானே, சிறிது பார்த்துக்கொள்" என்கிறார். அவளும் முகம் கோணாமல் பார்த்துக்கொள்கிறாள். அடுத்த சனிக்கிழமை உறவினர் வீட்டு விருந்து; குடும்பம் புறப்படுகிறது. அவளை அழைக்கவில்லை. அவளுக்கு ஓய்வு கொடுத்ததாகவே தாய் நினைக்கிறார். விட்டுச் சென்றதாக அவள் நினைக்கிறாள். இருவரும் பொய்யர் அல்லர். கூடுதல் வேலை வேண்டும்போது 'குடும்பம்' என்ற சொல்லும், மற்ற வேளைகளில் 'ஒப்பந்தம்' என்ற சொல்லும் எளிதில் வாய்க்கு வந்துவிடுகின்றன, அவ்வளவுதான். வாய்விட்டுக் கேட்டுவிடலாமே என்பீர்கள். யாரை எதிர்த்துப் பேசுகிறாளோ அவர் வீட்டுக் கூரையின் கீழேதான் அன்றிரவு அவள் உறங்கவேண்டும். மறுநாள் காலை அவர் மேசையில்தான் அப்பம் உண்ணவேண்டும்.

இதற்காகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. பெண் வந்து சேர்ந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவளோடு பேசவேண்டும். பின்னர் மாதந்தோறும் விசாரிக்கவேண்டும். உறவு முறிந்தால் வேறு குடும்பம் தேடித் தருவார்கள். அத்தேடலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் காலம் இரண்டு வாரம். அதற்குள் வீடு அமையாவிட்டால் விமானம் ஏறவேண்டியதுதான். வேலையும் வீடும் நாட்டில் தங்கும் உரிமையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பவள் எவ்வளவு தூரம் வாய் திறப்பாள்?

சிலர் திறந்தனர். 2014ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ஒரு கொலம்பியப் பெண் தொடங்கி வைத்த வழக்கில் மற்றவர்களும் சேர்ந்தனர். இத்திட்டத்தை நடத்தும் பதினைந்து நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஊதியத்தைத் தாழ்த்தின என்பது குற்றச்சாட்டு. 2019 ஜனவரியில் அந்நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆறரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அவ்வாண்டு டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வீட்டுப் பணியாளர் சட்டம் இப்பெண்களுக்கும் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2020 தொடக்கத்தில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர் 75 செண்டு. தீர்ப்புக்குப் பிறகு அம்மாநிலக் குடும்பங்கள் பல இத்திட்டத்தையே விட்டு விலகின. கூலி உயர்ந்தது, கூப்பிடும் வீடுகள் குறைந்தன.

குடும்பத்தார் அனைவரையும் கன்னெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்நாட்டுச் சட்டம் பிள்ளை பெற்ற தாய்க்கு உறுதி செய்வது பன்னிரண்டு வார விடுப்பு, அதுவும் ஊதியமின்றி, அதுவும் எல்லாத் தாய்மாருக்கும் அன்று. பாட்டியோ வேறொரு மாநிலத்தில் இருக்கிறார். குழந்தைகள் காப்பகக் கட்டணம் தலைக்கு ஒன்றாக ஏறுகிறது. மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் ஓ பேர் பெண்ணைத் தவிர வேறு வழி புலப்படாமல் போகலாம். திரையில் சில முறை பார்த்துப் பேசிய ஓர் அயலாளின் கையில் தன் பச்சிளங்குழந்தையை ஒப்படைத்துவிட்டு வாசலைக் கடக்கும் தாயின் மனநிலையையும் எண்ணிப் பாருங்கள்.

1997இல் அதே மாசச்சூசெட்ஸில் எட்டு மாதக் குழந்தையொன்று இறந்தது. அவ்வீட்டில் பணிபுரிந்த பத்தொன்பது வயது ஆங்கிலேயப் பெண் குற்றவாளிக் கூண்டில் நின்றாள். மருத்துவர்களே இரு பக்கமாகச் சாட்சியம் கூறினர். சான்றாயர் குழு கொலை என்றது. நீதிபதி அதனைக் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைத்து, அவள் சிறையிலிருந்த 279 நாள்களே போதும் என்று விடுவித்தார். பொதுமக்களில் பலர், வேலைக்குச் சென்ற தாயை ஏசினர். பிள்ளையை இழந்தவளுக்கு வந்த கடிதங்களில் அதுவும் இருந்தது. இன்று இரண்டு வயது நிரம்பாத குழந்தை உள்ள வீட்டுக்குச் செல்பவள், 200 மணி நேரமாவது சிறு குழந்தைகளைப் பேணிய அனுபவத்தைச் சான்றுடன் காட்டவேண்டும். மூன்று மாதம் நிரம்பாத சிசு உள்ள வீட்டில், பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் உடனிருந்தாலன்றி அவளைப் பணியில் வைக்கலாகாது.

பெரும்பாலான வீடுகளில் இத்தகைய துயரமும் இல்லை, வழக்கும் இல்லை. ஓராண்டு ஓடிவிடுகிறது. நம் கொலம்பியப் பெண் பனியைக் கண்டாள். வண்டி ஓட்டக் கற்றாள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டையிட்டால் ஆங்கிலத்திலேயே விலக்கக் கற்றாள். மூன்று வயதுச் சிறுவன் அவளிடம் தண்ணீருக்கு 'ஆகுவா' என்று சொல்லக் கற்றான். அவனுக்கு ஒப்பந்தமும் தெரியாது, நாற்பது பங்கும் தெரியாது. இரவில் விழித்துக்கொண்டால் தாய் தந்தையர் அறையைத் தாண்டி அவள் அறைக் கதவைத்தான் தட்டுவான். அது அவள் வேலை நேரமன்று. அவள் திறப்பாள்.

பின்பு ஒரு நாள் விமான நிலையம். இரண்டு பெட்டிகள், கண்ணீர், புகைப்படம். திரும்பி வந்து தாய் படுக்கை விரிப்புகளை மாற்றி, சன்னல்களைத் திறந்துவிடுகிறார். அடுத்த வாரம் பிரேசிலிலிருந்து இன்னொருத்தி வந்து அதே அறையில் பெட்டியை வைக்கிறாள். சிறுவன் வாசற்படியில் நின்று அவளை ஏற இறங்கப் பார்க்கிறான். பழையவளின் பெயரைச் சொல்லி, 'ஆகுவா' வேண்டும் என்று கேட்கிறான்.