தலையிடிக்குச் சாட்சி யார்?

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பது எம் முன்னோர் கண்ட பழமொழி. இரண்டு நோய்களையும் ஒரே கயிற்றிற் கட்டிய அப்பழமொழி இன்று பாதியளவே பொருந்துவதாகும். காய்ச்சல் பிறர்க்கும் தெரியும் நோயாகிவிட்டது. வெப்பமானி அதனை அளந்து காட்டுகின்றது. ஒரு துளி இரத்தம் பலவேளை அதன் காரணத்தையும் சொல்லிவிடுகின்றது. 1880ஆம் ஆண்டில் லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் மலேரியாக் கிருமியை மனித இரத்தத்திற் கண்டார். 1934, 1935ஆம் ஆண்டுகளில் எம் தீவைச் சூறையாடிய அந்நோய் இந்நாட்டினின்றும் நீங்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்று வழங்கியது. கண்ணாடித் தகட்டிற் பூசிய இரத்தத் துளிகளுக்கு அவ்வெற்றியிற் பெரும்பங்குண்டு. ஆனால், மைகிரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடியோ இன்றும் சாட்சியற்ற நோயாகவே நிற்கின்றது.

இதனை எழுதும்போது எம் மனம் பள்ளி நாள்களுக்குச் செல்கின்றது. நாம் வகுப்புத் தலைமை பூண்டிருந்த ஆண்டில், எம்முடன் பயின்ற ஒருவன் மாதத்தில் இரண்டு மூன்று முறை மேசைமேல் தலையைக் கவிழ்த்து விடுவான். வெளிச்சம் கூசுகின்றது என்பான். வாந்தி வருகின்றது என்பான். அடுத்த நாளோ மைதானத்தில் ஓடி விளையாடுவான். அவ்வோட்டமே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. கள்ளத் தலையிடி என்று அவனுக்குப் பெயர் சூட்டியவர்களுள் நாமும் ஒருவர். இந்நோய் நான்கு மணி நேரம் முதல் எழுபத்திரண்டு மணி நேரம் வரை வருத்திப் பின் தானே விலகும் இயல்புடையதென்பதை நாம் அறிந்தது பல ஆண்டுகள் கழிந்த பின்னராகும். மறுநாள் அவன் ஓடியது பொய்யின் அடையாளமன்று, நோயின் அடையாளமே.

அவனுக்காகச் சாட்சி கூறவல்ல ஒரு பொருள் உடலில் உண்டா எனும் தேடல் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. 1961இல் இத்தாலி நாட்டுச் சிக்குற்றேரி என்பார், தலையிடி வேளையிற் செரற்றோனின் எனும் பொருளின் கழிவு சிறுநீரில் மிகுவதைக் கண்டார். 1967இற் சிட்னி நகரிலே லான்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் அப்பொருள் இரத்தத்திற் குறைவதைக் காட்டினர். 1990இற் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் முதலியோர் நோயாளரின் கழுத்து நாளத்தினின்றும் இரத்தம் எடுத்து, சீ.ஜீ.ஆர்.பி. எனும் சுருக்கப் பெயருடைய நரம்புப் பொருளொன்று அங்கு மிகுந்திருப்பதைக் கண்டனர். அதனை இலக்காகக் கொண்ட தடுப்பு மருந்துகள் 2018 முதல் வழக்கிற்கு வந்தன. இத்துறையில் உழைத்தமைக்காக அவ்விருவருக்கும், மொஸ்கோவிற்ஸ், ஒலெசன் ஆகியோருக்கும் 2021இல் டென்மார்க்கு நாட்டின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பெற்றது.

சாட்சி அகப்பட்டுவிட்டதன்றோ எனில், அன்று. 1990ஆம் ஆண்டு ஆய்விலேயே கழுத்து இரத்தத்தில் மிகுந்த அப்பொருள், கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் மிகவில்லை. 2005இல் டென்மார்க்கு ஆய்வாளர் கழுத்து இரத்தத்திலும் அம்மிகுதியைக் காணவில்லை. அப்பொருளோ சில நிமிடங்களிற் பாதியாகச் சிதைந்துபோவது. எந்நேரத்தில், எவ்விடத்தில் இரத்தம் எடுப்பது, எவ்வளவு விரைவிற் பேணுவது என்பவற்றால் முடிவு மாறுபடுகின்றது. ஆதலின், இவருக்கு மைகிரேன் உண்டு அல்லது இல்லை என்று தீர்த்துச் சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் வைத்திய உலகின் வழக்கில் இன்று இல்லை. நோயாளர் வாய்மொழியே நோயறியும் வழி.

இவ்விடத்திற்றான் எம் கருத்தைக் கூற விழைகின்றோம். வெள்ளவத்தையிற் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் இரத்தம் பரிசோதிக்கும் நிலையங்களிலிருந்து உறையுடன் திரும்பும் தாய்மார் பலர். உறையைப் பிரித்த வீட்டார், ஒன்றும் இல்லையாம் என்கின்றனர். வேறு நோய் ஒன்றுமில்லை என்பதே அவ்வறிக்கையின் பொருள்; நோயே இல்லை என வீடு அதனை மொழிபெயர்த்துக் கொள்கின்றது. அன்று முதல் அத்தாயின் வலி சாட்டாகிவிடுகின்றது. இந்நோய் ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுவது என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். கர்நாடகத்தில் நிகழ்த்திய ஆய்வொன்று, வயது வந்தோருள் நால்வரில் ஒருவர் ஓராண்டுக்குள் மைகிரேனால் வருந்தியதாகக் கூறுகின்றது. அவ்வளவு பேரும் பொய்யுரைப்பவராயிருத்தல் இயலுமோ?

பரிசோதனைகளை இகழ்வது எம் கருத்தன்று. ஐம்பது வயதின் பின் புதிதாய்த் தோன்றும் தலையிடி நெற்றிப்பொட்டு நாடியின் அழற்சியாக இருத்தல் கூடும். அதனை இரத்தம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். காலந் தாழ்த்தினாற் கண்பார்வையே போய்விடும். திடீரென இடிபோல் இறங்கும் வலியும், காய்ச்சலோடு பிடரி விறைக்கும் வலியும், கைகால் தளர்ச்சியோடு வரும் வலியும் உடனே ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டியவை. ஆய்வாளர் தேடலும் தொடர்தல் வேண்டும். எவருக்கு எம்மருந்து பயன்படும் என்பதை முன்னரே உணர்த்தும் இரத்தக் குறியொன்று கிடைப்பின் அது பெரும்பேறாகும். ஆனால், அக்குறி கிடைக்கும் வரை எம் நம்பிக்கையை ஒத்திவைத்தல் அறமாகாது.

எம் பழைய மாணவருள் இன்று பாடசாலை அதிபர் உளர், கந்தோர்த் தலைவர் உளர், வைத்தியர் உளர், குடும்பத் தலைவராகாதார் மிகச் சிலரே. அவர்களிடம் நாம் வேண்டுவன சில. நோயுற்ற பிள்ளைக்கு இருண்ட அமைதியான ஓர் அறையைக் கொடுங்கள். வலி வந்த நாள், நேரம், உண்டவை, உறக்கம் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறிக்கச் செய்யுங்கள். வைத்தியருக்கு அது பயன்மிக்க ஆவணமாகும். சாதாரண வலிநீக்கி மாத்திரைகளையும் மாதத்திற் பதினைந்து நாளும் அதற்கு மேலும் விழுங்கினால் அவையே தலையிடியை வளர்க்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, நம்புங்கள்.

பிறர்க்கு உற்ற துன்பத்தை உணராத அறிவு அறிவாகாதெனத் திருவள்ளுவரிடம் பாடங் கேட்டவர்கள் நாம். தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பது உலகியல். தனக்கு வராமலே தெரிந்துகொள்வது கல்வியின் பயன். அன்று மேசைமேற் கவிழ்ந்திருந்த அந்நண்பன் இம்மலரைப் படிக்க நேரின், அவனுக்காக அன்று கூறாத சாட்சியத்தை இன்று கூறுகின்றோம்: உன் தலையிடி மெய்யே.