கதிர் இங்கே, கட்டளை அங்கே!

தைத் திங்கள் முதல் நாளில் ஞாயிற்றுக்குப் பொங்கலிட்டு நன்றி நவில்பவன் தமிழன். அந்த ஞாயிற்றின் ஒளியை அவன் கூரையிலேயே மின்னாற்றலாக்கும் திட்டத்திற்கு நடுவணரசு 2024-இல் சூட்டிய பெயர் யாது? ‘பி.எம். சூர்ய கர்: முப்த் பிசிலி யோசனா!’ ஈரெழுத்து ஆங்கிலம், எஞ்சியதெல்லாம் இந்தி! வால்பாறை மலையில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இதில் ஒரு சொல்லேனும் விளங்குமா?

“பெயரில் என்ன? பயன்தானே வேண்டும்!” என்பர் மொழிமானம் இழந்தோர். பயனையே பார்க்கட்டும். அத்திட்டத்தின் உதவித்தொகை பெறக் கூரையுடன் கூடிய உரிமை வீடு வேண்டும். தோட்டத் தொழிலாளியோ நிறுவனத்தின் ‘லைன்’ வீட்டில் குடியிருப்பவர். தலைமுறை தலைமுறையாய் அம்மலையில் தேயிலை வளர்த்தவர்க்கு அங்கே ஒரு சாண் கூரையும் உரிமையில்லை. பெயரும் அயல், பயனும் அயல்!

தில்லி தந்தால்தான் உண்டு என்னும் நிலையிலா தமிழ்நாடு உள்ளது? இல்லை. கதிரொளி மின் பகலில் பெருகும். ஊர் விளக்கேற்றும் வேளையில் ஓய்ந்துவிடும். அதைத் தேக்கிவைக்கும் திறமே இனி ஆளும் திறம். மின்கல அடுக்குகளுக்கான இலித்தியத்திற்கு இந்தியா அயல்நாடுகளை எதிர்பார்த்து நிற்கிறது. கொங்கு மலையிலோ தேக்கும் வழி முன்பே உண்டு.

வால்பாறைக்கு அருகில், தமிழ்நாடு மின்வாரியத்தின் காடம்பாறை நீரேற்று மின்னிலையம் 1987 முதல் 1989 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கியது. 100 மெகாவாட்டுப் பொறிகள் நான்கு. மொத்தம் 400 மெகாவாட்டு. மின் மிஞ்சும் வேளையில் மேல் ஆழியாற்று நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவதும், மின் வேண்டும் வேளையில் அந்நீரை இறக்கிப் பொறிகளைச் சுழற்றுவதும் அதன் பணி. ஏற்றி இறக்குவதில் ஏறத்தாழக் கால்பங்கு ஆற்றல் இழப்புண்டு. ஆயினும் அந்த நீரை எவரிடமும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மலையே அங்கு மின்கலம்!

இராமநாதபுரத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட்டுக் கதிரொளி மின்னிலையம் எழுந்தது. தென்பாண்டி வெயில் பகலில் ஆனைமலை நீரை ஏற்றட்டும்; அந்நீர் இரவில் தமிழ்நாட்டு விளக்குகளை எரிக்கட்டும்.

தமிழ்நாட்டரசு செய்ய வேண்டியன மூன்று. நீரேற்றும் வேளையைக் கதிர் மிகும் பகலுக்கு உரியதாக்குக! லைன் வீட்டார்க்குப் பொதுக் கூரைகளில் கதிர்த்தகடு அமைத்து, அதன் பயனில் பங்கு தருக! அத்திட்டத்திற்குத் தமிழில் பெயரிடுக!

ஞாயிறு எவர் ஆணைக்கும் காத்திருந்து எழுவதில்லை. தமிழன் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்?