தொழிலை நிறுத்தும் அரசு கூலியும் தர வேண்டும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தபோது, அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று தொலைக்காட்சிகள் மணிக்கொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தன. டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே புயல் கரையைக் கடந்தது. அத்தோடு செய்தியும் ஓய்ந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தை நாடே கவனித்தது. மூன்று அமைச்சர்கள் பேச்சு நடத்தினார்கள், ஒப்பந்தம் ஏற்பட்டது, தலைப்புச் செய்தி மாறியது. ஆறு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது கேமராக்கள் மறுபடி கடற்கரைக்குத் திரும்பின.

புயலையும் வேலைநிறுத்தத்தையும் நாம் வெவ்வேறு பக்கங்களில் படிக்கிறோம். ஒன்று இயற்கைச் சீற்றம், மற்றது தொழில் தகராறு. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: வேலை நின்ற நாளின் இழப்பை யார் சுமப்பது? பழவேற்காட்டை ஒட்டிய பசியாவரம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில், 'வேலை இழந்தவனே சுமக்கட்டும்' என்பதுதான். இந்தப் பதில் மாற வேண்டும். அரசின் உத்தரவால் தொழில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசே கூலி தர வேண்டும். இதைக் கருணைத் தொகையாகத் தராமல் சட்டப்படியான உரிமையாகத் தர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

பசியாவரம், பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் தீவுக் கிராமம். பக்கத்திலேயே இடமணி, ரகமத் நகர், சாட்டன்குப்பம். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ எதற்குப் போவதானாலும் படகேறி வந்த மக்கள் இவர்கள். பாலம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்ட பிறகே அரசு அந்தப் பணியைக் கையில் எடுத்தது. இங்கே புயல் எச்சரிக்கை வந்தால் என்ன நடக்கிறது? படகின் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி மேட்டில் வைக்கிறார்கள். வலையைச் சுருட்டிக் கட்டுகிறார்கள். படகுகளைக் கரையேற்றி ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். மீன் வராததால் ஏலம் இல்லை, ஐஸ் வண்டிக்கு வேலை இல்லை, கூடை சுமந்து பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போய் விற்கும் பெண்களுக்கு வியாபாரம் இல்லை. புயல் திசை மாறி வேறெங்கோ போய்விட்டாலும் நாலு நாள் போனது போனதுதான். கடல் அடங்கிய பிறகும் கலங்கிய தண்ணீரில் வலை போட்டுப் பயனில்லாத நாட்கள் சில உண்டு. இவற்றில் ஒரு நாளும் எந்த அலுவலகத்தின் சேதப் பட்டியலிலும் ஏறுவதில்லை. படகு உடைந்தால் நிவாரணம் உண்டு, வலை கிழிந்தால் உண்டு, உயிர் போனாலும் உண்டு. உடையாத படகு கரையில் கிடந்த நாட்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

பழவேற்காட்டு மீனவர்களின் தொழிலை நிறுத்தும் உத்தரவுகள் மூன்று வகை. முதலாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு உள்ள 61 நாள் மீன்பிடித் தடை. இரண்டாவது, புயல், சூறைக்காற்று எச்சரிக்கை. மூன்றாவது இந்த ஊர்களுக்கே உரியது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும்போதெல்லாம், பாதுகாப்புக் கருதிக் கடலுக்குப் போக வேண்டாம் என்று இங்குள்ளவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. மூன்றிலும் பொதுநன்மை இருக்கிறது. மீன் இனம் பெருக வேண்டும், உயிர்கள் காக்கப்பட வேண்டும், விண்வெளித் திட்டம் நடக்க வேண்டும். இவற்றில் முதலாவதற்கு மட்டும் அரசு உதவித்தொகை தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2023-இல் 8,000 ரூபாய் என உயர்த்தி அறிவிக்கப்பட்டது. 'பொதுநன்மைக்காகத் தொழிலை நிறுத்தினால் ஈடு தர வேண்டும்' என்ற கொள்கையை அரசு இதன்மூலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்ற கொள்கையை மற்ற இரண்டுக்கும் நீட்டுவதுதான் பாக்கி.

தொழிற்சட்டத்தோடு ஒப்பிட்டால் அநீதி இன்னும் துலக்கமாகத் தெரியும். வேலைநிறுத்தம் செய்கிற ஆலைத் தொழிலாளிக்கு 'வேலை இல்லையேல் கூலி இல்லை' என்பது விதி. அது தெரிந்தேதான் அவர் பந்தலில் உட்காருகிறார். ஆனால் வெள்ளத்தால் ஆலை மூடப்பட்டால் விதி வேறு. இயற்கைப் பேரிடரால் நேரும் தற்காலிக வேலை நிறுத்திவைப்பையும் (லே-ஆஃப்) கணக்கில் கொண்டு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதியை ஈடாகத் தரச் சொன்னது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். அதன் இடத்துக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பதிலித் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இது கிடையாது. முதலாளி என்று ஒருவர் இல்லாத மீனவரின் பேச்சே அங்கு எழவில்லை. ஆக, வேலைநிறுத்தமே செய்யாத பசியாவரத்து மீனவர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வேலைநிறுத்தம் செய்தவருக்கான தண்டனையை அனுபவிக்கிறார். அவரே உண்மையில் வேலைநிறுத்தம் செய்தாலோ, அவர் வீட்டு அடுப்பைத் தவிர வேறெதுவும் நிற்பதில்லை. அதனால்தான் அவரது போராட்டம் சாலையை மறிக்கும்வரை செய்தியாவதில்லை.

பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகப் பிரச்சினையையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது இடம்பெயர்ந்த, தொழில் இழந்த குடும்பங்களுக்கு வேலை என்று பேசப்பட்டது. கிடைத்த வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு மீனவர்கள் மீண்டும் மீண்டும் போராடி வருகிறார்கள். 'மீன்பிடித் தொழிலைக் காப்பாற்று என்கிறார்கள், துறைமுகத்தில் வேலையும் கேட்கிறார்கள், இதென்ன முரண்?' என்று கேட்பவர்கள் உண்டு. இதில் முரண் ஏதும் இல்லை. வீட்டில் ஒருவருக்காவது மழையிலும் புயலிலும் நிற்காத சம்பளம் வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் பொருள். ஒப்பந்த வேலை அந்தப் பாதுகாப்பைத் தராது. இதற்கிடையே 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டமும் நிலுவையில் இருக்கிறது. அதற்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. பழைய வாக்குறுதியின் கணக்கைத் தீர்க்காமல் புதிய விரிவாக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதி கிடையாது.

'மழைக்கால நிவாரணம் தருகிறோமே' என்று அரசுத் தரப்பு சொல்லலாம். மீன்வரத்து குறைந்த காலத்துக்கென்று குடும்பத்துக்கு 6,000 ரூபாய் தரப்படுவது உண்மை, வரவேற்கத்தக்கது. ஆனால் எச்சரிக்கை நான்கு நாளானாலும் இருபது நாளானாலும் தொகை ஒன்றே. மிக்ஜாமுக்குப் பின் தரப்பட்ட 6,000 ரூபாயோ வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்கான நிவாரணம். அதே வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோது பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அறிவித்த 12,500 ரூபாயும் அந்த ஒரு நிகழ்வுக்கானது. ஒவ்வொரு முறையும் மக்கள் கூடிக் குரல் கொடுத்து, அமைச்சர் வந்து பார்த்து, பிறகு ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. இரந்து பெறும் இந்த நிலை மாற வேண்டும்.

'எச்சரிக்கை மீனவரின் உயிரைக் காக்கத்தானே, அதற்கு ஏன் கூலி?' என்பது அடுத்த கேள்வி. உயிரைக் காக்கத்தான் கூலியும். வீட்டில் அரிசி இல்லாதவர், 'காற்று இன்னும் ஏறவில்லை, ஒரு பாடு போய் வந்துவிடலாம்' என்று நினைப்பார். வாங்கிய முன்பணத்துக்கு வியாபாரி நெருக்கும்போது அந்த நினைப்பு இன்னும் வலுக்கும். எச்சரிக்கை போய்ச் சேராததால் என்ன நடக்கும் என்பதை 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் காட்டியது. ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி, கேரள மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தும் வறுமையால் மீறப்பட்டால் விளைவு அதேதான். இறந்த பின் லட்சங்களைத் தரும் அரசு, இறக்காமல் இருக்கச் சில நூறுகளைத் தர யோசிப்பது என்ன நியாயம்?

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போக முடியாத நாட்களுக்காக 2021-இல் கேரள அரசு மீனவக் குடும்பங்களுக்கு 1,200 ரூபாய் வீதமும், அதே ஆண்டின் பிற்பகுதி மழைக்குப் பின் 3,000 ரூபாய் வீதமும் தந்தது. மீன் சார்ந்த மற்ற தொழிலாளர் குடும்பங்களையும் அதில் சேர்த்தது. குஜராத்தை மையமாகக் கொண்ட சேவா பெண் தொழிலாளர் அமைப்பு, வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் யாரும் மனுக் கொடுக்காமலே உறுப்பினர்களின் கணக்கில் பணம் சேரும் காப்பீட்டை 2024 கோடையில் நடத்திக் காட்டியது. ஓர் அமைப்பால் முடிந்தது அரசால் முடியாதா? எச்சரிக்கை விடுத்த நாளும் விலக்கிய நாளும் அரசின் பதிவேட்டிலேயே இருக்கின்றன. சேத மதிப்பீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நாட்களை எண்ணினால் போதும். நிதிச்சுமைக்கும் வழி உண்டு. ராக்கெட் ஏவும் நாட்களுக்கான தொகையை மத்திய விண்வெளித் துறை ஏற்கட்டும். ஒரு ராக்கெட்டின் செலவில் அது கண்ணுக்கே தெரியாது.

யாருக்குத் தருவது என்பதில்தான் அதிக கவனம் வேண்டும். படகு உரிமையாளர் பெயரில் மட்டும் பட்டியல் போட்டால் பங்குக்குப் போகிற கூலி மீனவருக்கு ஒன்றும் சேராது. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறைப்படி சில ஊர்களுக்கு முறைவைத்து மீன்பிடி உரிமை உண்டு. அந்த முறைக்கு வெளியே, தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். மீன் விற்கும் பெண்களும், கருவாடு காயவைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை மட்டும்தான் அளவுகோல் என்றால், மிகவும் ஏழையான இவர்களே முதலில் விடுபடுவார்கள். ஊர்க் கூட்டத்தில் பட்டியலை வாசித்து, ஆட்சேபம் கேட்டு இறுதி செய்வதே முறை.

எனவே தமிழக அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. எச்சரிக்கையாலும் ராக்கெட் ஏவுதலாலும் தொழில் நிறுத்தப்படும் நாளுக்கு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகையை நிர்ணயிக்க வேண்டும். எச்சரிக்கை விலகிய ஒரு வாரத்துக்குள் அது வங்கிக் கணக்கில் சேர வேண்டும். கூலி மீனவர், இருளர், மீன் விற்கும் பெண்கள் அனைவரும் பட்டியலில் இடம்பெற வேண்டும். காட்டுப்பள்ளியில் யாருக்கு என்ன வேலை உறுதியளிக்கப்பட்டது, எத்தனை பேர் நிரந்தரமானார்கள் என்று வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இவற்றுக்கு அரசாணை வர வேண்டும். கரையைக் கடந்த புயலோடு நிறுத்திவிடாமல், அந்த அரசாணை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பது நாளேடுகளின் கடமை.