செல்வாக்காளரின் சொல்

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் உறைந்தது. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் தடைப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வேளை சமூக வலைத்தளங்களிலே படமொன்று பரவலாயிற்று. பனி மூடிய காற்றாலையின் இறகை ஹெலிகொப்டரொன்று நீர் தெளித்துத் துப்புரவு செய்யும் காட்சி அது. காற்றை நம்பியோரின் கதி இதுவே என்ற ஏளனத்தோடு அது கைமாறியது. படமோ அதற்குச் சில ஆண்டுகளின் முன்னர் சுவீடனில் எடுக்கப்பட்டது! ரெக்சாஸிலும் காற்றாலைகள் சில உறைந்தன என்பது மெய்தான். ஆயினும், தடைப்பட்ட மின்னுற்பத்தியிற் பெரும்பகுதி இயற்கை எரிவாயு நிலையங்களுக்கே உரியது. குளிருக்கேற்பக் காப்பிடப்படாத குழாய்களும் கருவிகளும் உறைந்துபோயின. இவ்விளக்கமும் வெளிவரத்தான் செய்தது. படத்தைப் பார்த்தவருள் அதனைப் படித்தவர் எத்தனை பேர்?

செல்வாக்கு என்பது செல்லும் வாக்கு. முன்னாளில் ஊரில் ஒருவரின் வாக்குச் செல்லுமாயின், அவரை ஊரார் நெடுங்காலம் அறிந்திருந்தனர்; வாக்குப் பிழைத்தால் அவர் வீட்டு வாயிலிற் சென்று கேட்கவும் முடிந்தது. இன்று ‘செல்வாக்காளர்’ எனப்படுவோரை (சொல் இன்னும் நம் நாவிற் படியவில்லை) பல்லாயிரவர் பின்தொடர்கின்றனர். நாள்தோறும் கண்டு பழகிய முகம் சொல்வதை ஐயுறுவது நண்பனை ஐயுறுவது போலாகிவிடுகின்றது. ஆனால் அம்முகத்திற்கோ நம்மைத் தெரியாது.

இவ்வாற்றலை நாம் முற்றாகப் பழிப்பதற்கில்லை. 2018 ஓகஸ்டில், ஸ்ரொக்ஹோமில், நாடாளுமன்றத்தின் எதிரே பதாகையுடன் தனியே அமர்ந்த பதினைந்து வயதுக் கிரேற்றா துன்பேர்க்கை உலகறியச் செய்தவற்றுள் இவ்வலைத்தளங்களும் அடங்கும். மறு ஆண்டு செப்டெம்பரிலே பல நாட்டு மாணவரும் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தனர். அவர் தம்மை நம்புமாறு கேட்கவில்லை. விஞ்ஞானிகளின் சொல்லைக் கேளுங்கள் என்றே கூறினார்.

மறுபுறத்தே பணமும் நிற்கின்றது. 2023இல் ஷெல் எண்ணெய் நிறுவனம் தன் பெற்றோலை விளம்பரஞ் செய்வதற்கு, ‘போட்நைற்’ என்னும் கணினி விளையாட்டை ஆடிக்காட்டும் செல்வாக்காளரைத் துணைக்கொண்டது. அவ்விளையாட்டிலே மூழ்கியிருப்போர் பெரும்பாலும் இளையோர். காலநிலை மாற்றத்தை மறுக்கும் காணொளிகளுக்கு விளம்பர வருவாய் இல்லையெனக் கூகிள் 2021 ஒக்டோபரில் அறிவித்தது. நல்லதே. ஆயினும் மறுப்பு இப்பொழுது வேறு வேடம் புனைகின்றது. வெப்பம் ஏறுவதை ஒப்புக்கொண்டு, காற்றாலையாலும் சூரிய ஒளியாலும் ஆவதொன்றில்லை என்று சாதிப்பது அதன் புதுமுறை. சுவீடனின் ஹெலிகொப்டரை ரெக்சாஸிற்குக் கொணர்ந்த கை இதுவே.

ஆசிரியர்கள் அந்தப் படத்தையே ஒரு பாடவேளைக்கு எடுத்துக்கொள்ளலாம். எங்கே எடுத்தது, எப்பொழுது எடுத்தது, இதைக் காட்டுபவருக்குக் கூலி கொடுப்பவர் எவர் என்று மாணவரே வினவட்டும். படத்தைத் தேடுபொறியில் இட்டால், முதலிரு வினாக்களுக்கும் விடை சில நிமிடங்களிற் கிடைக்கும். மூன்றாவதற்கு நேரஞ் செல்லும்.