மீண்டும் நிற்க இரிக் சாண்டோரமுக்கு என்ன தகுதி?

தேர்தலில் தோற்றவர் வாய்மூடி வீட்டில் அமர்ந்துவிட வேண்டும் என்பது வென்றவர்கள் தமக்கு ஏந்தாக எழுதிக்கொண்ட சட்டம். மக்களாட்சியில் அதற்கு வேலையில்லை. 1858-இல் அமெரிக்க மேலவை இருக்கைக்கு முயன்று தோற்ற இலிங்கன், 1860-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1976-இல் தம் கட்சிக்குள்ளேயே தோற்ற இரீகன், 1980-இல் நாட்டையே வென்றார். எனவே, பென்சில்வேனியாவின் இரிக் சாண்டோரம் தோற்றவர் என்பதற்காக மட்டும் அவர் மீண்டும் நிற்கலாகாது என்பது சோம்பேறிகளின் வழக்கு. அவர் நிற்கலாகாது என்பது மெய்யே; கரணியம் வேறு.

சாண்டோரம் குடியரசுக் கட்சியினர். குமுகாயத் துறையில் பழமை பேணுநர். கருக்கலைப்பு கூடாது, ஒருபாலார் திருமணம் கூடாது, குடும்பமே நாட்டின் அடிப்படை என்பன அவருடைய முழக்கங்கள். குடும்பத்தின் பெருமை பேச 2005-இல் ஒரு நூலே எழுதினார். 1995 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் மேலவையில் வீற்றிருந்தவர், 2006 தேர்தலில் மக்களாட்சிக் கட்சியின் பாப் கேசியிடம் 17 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாட்டில் வீழ்ந்தார்.

கொள்கைக்காக அவர் செய்த ஈகம் இது என்று அவர் அன்பர்கள் கூறுவர். அந்தோ! அவரை வீழ்த்திய கேசியும் அன்று கருக்கலைப்பை எதிர்ப்பவராகவே நின்றார். கொள்கையைத் தள்ள விரும்பிய மக்கள், அதே கொள்கையை உடைய மற்றொருவரையா தேடி எடுப்பர்? ஈராக்குப் போரின் மேலும் அன்றைய ஆட்சியின் மேலும் எழுந்த வெறுப்பு அத்தோல்விக்கு ஒரு பங்கு. மறுபங்கை அவரே தேடிக்கொண்டார். 1990-இல் கீழவைக்கு முதன்முதல் நின்றபோது, தம்மை எதிர்த்த வால்கிரேன் தொகுதியில் வாழாமல் வர்சீனியாவில் குடியிருக்கிறார் என்று ஊரெல்லாம் பறையறைந்து வென்றவர் இவர். மேலவை உறுப்பினரான பின்னர் இவரும் அதே வர்சீனியாவில் குடியேறினார்! பிள்ளைகள் அங்கிருந்தபடியே கணினிவழிப் பள்ளியில் பயில, அதன் செலவு பிட்சுபர்க்கை அடுத்த பள்ளி வட்டாரம் ஒன்றன் தலையில் விழுந்தது. பிறரை அளக்க ஒரு முழக்கோல், தம்மை அளக்க வேறொரு முழக்கோல். மக்கள் இதைக் கண்டுகொண்டனர்.

ஆயினும், 2012-இல் அவர் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்றதைக் குறைகூற இடமில்லை. பெருஞ்செல்வர் உரோம்னியின் எதிரே, கையில் பணமின்றி, அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் சென்று சிற்றுண்டிச் சாலைகளில் பத்துப்பேர் இருந்தாலும் அமர்ந்து பேசினார். முதலில் உரோம்னியே 8 வாக்கில் வென்றார் என்றனர். இரண்டு கிழமை கழித்து வெளிவந்த இறுதிக் கணக்கில் சாண்டோரம் 34 வாக்கு முந்தியிருந்தார். தொடர்ந்து மொத்தம் 11 மாநிலங்களில் முதலிடம் பெற்றார். தோற்றவன் மீண்டும் நிற்பதற்கு இலக்கணம் இதுதான், பகைவரும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அயோவாவில் வாக்குகள் எண்ணப்பட்ட அவ்விரவில், முசோலினியின் இத்தாலியை விட்டு வெளியேறிப் பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த தம் பாட்டனின் பருத்த கைகளைப் பற்றி அவர் உருகிப் பேசினார். கேட்டவர் நெஞ்சும் உருகியது. அப்பாட்டன் கடல் கடந்து வந்தபோது அவர் நாவில் இருந்தது ஆங்கிலமன்று என்பதைப் பேரனார் நினைத்துப் பார்த்தாரா?

நினைக்கவில்லை என்பது மூன்றாம் திங்களிலேயே தெரிந்துவிட்டது. 2012 மார்ச்சில் வாக்கு வேண்டிப் புவேர்த்தோ இரிக்கோத் தீவுக்குச் சென்றவர், அத்தீவு அமெரிக்க மாநிலமாக வேண்டுமாயின் ஆங்கிலம் அதன் முதன்மொழியாதல் வேண்டும், நாட்டின் சட்டம் அவ்வாறு கூறுகிறது என்றார். அமெரிக்க அரசியலமைப்பில் அப்படி ஒரு விதி இல்லை. பேராயம் இயற்றிய சட்டமும் அன்று இல்லை. (2025-இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்று அறிவித்ததும் திரம்பின் ஆணையேயன்றிப் பேராயச் சட்டமன்று.) இல்லாத சட்டத்தைக் காட்டி இருக்கின்ற மொழியை இறங்கி நிற்கச் சொன்னார் என்பதே இதன் பொருள்.

அத்தீவின் கதையை அறியாமலா பேசினார்? 1898-இல் இசுப்பானியரிடமிருந்து அதைக் கைப்பற்றிய அமெரிக்கர், பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கப் பல்லாண்டுகள் முயன்றனர். பிள்ளைகள் பாடத்தையும் கற்கவில்லை, ஆங்கிலத்தையும் கற்கவில்லை. 1949-இல் இசுப்பானியம் மீண்டும் பயிற்றுமொழியாயிற்று. 1991-இல் அதை மட்டுமே ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தனர். 1993-இல் ஆங்கிலம் மீண்டும் உடன் சேர்க்கப்பட்டது. இத்தனைக்கும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொதுத்தேர்தலில் அத்தீவினர்க்கு வாக்கில்லை. கட்சிகளின் வேட்பாளர் தேர்வில் மட்டுமே உண்டு. இருந்த அந்த ஒரு வாக்கைக் கேட்கப் போனவர் அவர்கள் தாயின் மொழியை விலையாகக் கேட்டார்! அவர் சார்பில் நின்ற பேராளர் ஒருவரே விலகிக்கொண்டார். பிறகு அவர் ஏதேதோ விளக்கம் கூறினார். இருமொழி என்றுதான் கருதியதாகச் சொன்னார். நான்கு நாளில் நடந்த தேர்தலில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் உரோம்னிக்கு வாக்களித்தனர். மொழித்திணிப்பைத் தம் மண்ணில் பட்டறிந்த எவர்க்கும் அத்தீர்ப்பு வியப்பளிக்காது.

பழமை பேணுநர் என்று பெயர் சூட்டிக்கொண்டவரை ஒரு வினா கேட்கவேண்டும். எந்தப் பழமையைப் பேணுகிறீர்? தொட்டிலருகே தாய் பேசும் மொழியைவிடப் பழமையானது ஒரு குடும்பத்தில் வேறு யாது? வீட்டைக் காப்பேன் என்று முழங்கி, அவ்வீட்டின் பேச்சை மட்டும் வாயிலுக்கு வெளியே நிறுத்துபவர் காப்பது வெறுஞ்சுவரையே.

அவர் மீண்டும் 2016-க்கு நின்றார். முன்பு 34 வாக்கில் வென்ற அதே அயோவாவில், இம்முறை நூற்றுக்கு ஒரு வாக்கைக்கூட எட்டவில்லை. உடனே விலகி உரூபியோவுக்குத் துணைநின்றார். அவர் ஆற்றிய அருஞ்செயல் ஒன்று சொல்லும் என்று தொலைக்காட்சியில் கேட்டபோது ஒன்றும் சொல்ல வராமல் தடுமாறினார். அதைப் பெரிதாக்க வேண்டுவதில்லை. 2021 ஏப்பிரலில் அவர் பேசியதுதான் பெரிது. வந்தேறிய ஐரோப்பியர் ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து ஒரு நாட்டைப் படைத்தனர் என்றும், அமெரிக்கப் பண்பாட்டில் தொல்குடியினர் பண்பாடு அவ்வளவாக இல்லை என்றும் இளைஞர் கூட்டமொன்றில் உரைத்தார். நவாகோ மொழி பேசியோரும், செரோக்கிக்கென எழுத்துப் படைத்த செக்கோயாவும் அவர் கண்ணில் வெற்றிடம்! அடுத்த திங்களில் சி.என்.என். தொலைக்காட்சி அவரை விலக்கியது.

தீவினரிடம் அவர்தம் மொழியை இறக்கச் சொன்னார். மண்ணின் மைந்தரிடம் அவர்தம் பண்பாடே இல்லை என்றார். பென்சில்வேனியரிடம் ஒன்று சொல்லி வேறொன்று செய்தார். இனியும் அவரை நிற்கத் தூண்டும் அன்பர்கள், அவரை எந்த மக்களின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துவர்?