அன்புக்கும் ஆடிட் உண்டு: டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஒரு கணக்காளர் சொன்னது

போன கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குச் சேலை எடுக்க அருப்புக்கோட்டையில் ஒரு தறி வீட்டுக்கே நேராகப் போனேன். சொன்ன விலையில் 150 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம். கடைசியில் அவர் குறைத்தார். வண்டியில் திரும்பும்போது ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரியே ஒரு முதியோர் இல்லத்துக்கு ஜிபேயில் 500 ரூபாய் போட்டேன். ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸிலும் வைத்தேன். 41 பேர் பார்த்தார்கள், ஏழெட்டு ஹார்ட் வந்தது.

அந்த 500-ல் 150 ரூபாய் யாருடையது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவர், தன் கடைசிக் காலத்தை நம்ம கரிசல் பக்கம்தான் கழித்தார். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகரைத் தாண்டிப் போனால் வரும் டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்த ஜே.சி.குமரப்பா. காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பலருக்குத் தெரியும். அந்தப் பொருளாதாரத்தின் வேர் எவ்வளவு தூரம் பைபிளில் இருக்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படாத விஷயம்.

ஆடிட்டர் கொர்னேலியஸ்

1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்காளர் பயிற்சி, பம்பாயில் சொந்தமாக ஆடிட் நிறுவனம், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படிப்பு. இன்றைய மொழியில் சொன்னால் பக்கா கார்ப்பரேட் புரொஃபைல். பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வரி வாங்கி எதில் செலவழிக்கிறது என்று நோண்டிப் பார்த்தவர், 1929-ல் அந்தக் கட்டுரையோடு காந்தியைச் சந்தித்தார். அதன் பிறகு கோட்டு சூட்டு போய் கதர் வந்தது, கொர்னேலியஸ் போய் குமரப்பா வந்தது.

ஆனால் ஆடிட்டர் மட்டும் போகவில்லை. 1934 பிகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் கையில் இருந்தது. தொண்டர்களுக்கு நாள் படி சில அணாக்கள்தான். காந்தியின் குழு வந்தபோது, அவர்கள் செலவையும் நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார் என்பார்கள். அது துயரப்பட்டவர்களின் பணம், யாருடைய பெருமைக்கும் இல்லை. ஸ்டேட்டஸ் வைக்கிற நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நெளியலாம்.

குரங்கு, தேனீ, தாய்ப் பறவை

1940-களில் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு புத்தகமும், ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று தமிழில் சொல்லத்தக்க இன்னொரு புத்தகமும் எழுதினார். இரண்டாவதில் இயற்கையைப் பார்த்துப் பொருளாதாரங்களைப் படிப்படியாகப் பிரிக்கிறார். குரங்கு மாந்தோப்புக்குள் புகுந்து தின்றுவிட்டுப் போகிறது. அது நட்டதும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. தேனீயும் பூவிலிருந்துதான் எடுக்கிறது, ஆனால் எடுக்கும்போதே மகரந்தம் சேர்த்துச் செடிக்கும் உதவுகிறது. உச்சியில் இருப்பது தாய்ப் பறவை. உயிரைப் பணயம் வைத்து இரை தேடிக் குஞ்சுக்கு ஊட்டுகிறது, திரும்ப எதுவும் எதிர்பார்க்காமல். அதைத்தான் சேவைப் பொருளாதாரம் என்றார்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் ‘அகாபே’ என்று சொல்லும் அன்பு இதுதானே என்று எனக்குத் தோன்றியது. சண்டே ஸ்கூலில் கேட்ட நல்ல சமாரியன் கதையை ஒருமுறை ஆடிட்டர் கண்ணோடு படித்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்காக அவன் செலவழித்தது எண்ணெய், திராட்சை ரசம், தன் சவாரி மிருகம், சத்திரக்காரனுக்கு 2 தினாரி, அதற்கு மேல் ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கு. ஒரு தினாரி அன்றைக்கு ஒரு நாள் கூலி. வரவுப் பக்கம் காலி. அடிபட்டவன் நன்றி சொன்னதாகக்கூடக் கதையில் இல்லை. அவன் என்ன சாதி, என்ன மதம் என்று சமாரியன் கேட்கவும் இல்லை. உதவி செய்துவிட்டு, பதிலுக்கு ‘நம்ம கூட்டத்துக்கு வா’ என்று எதிர்பார்ப்பது நல்ல தேனீ வேலையாக இருக்கலாம், தாய்ப் பறவை வேலை இல்லை. இப்படிச் சொல்வது சபைக்குள் சிலருக்குப் பிடிக்காது. குமரப்பாவையும்தான் பிடிக்கவில்லை. 1930-ல் சத்தியாகிரகிகள் அடிபட்டபோது, பகைவரை நேசிக்கச் சொன்னவரின் சபை ஏன் அடிக்கிற அரசின் பக்கம் நிற்கிறது என்று தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டோடு கடிதத்திலேயே மோதினார்.

நமக்கு ரொம்பச் சங்கடமான கருத்து இன்னொன்று. ஒரு பொருளை வாங்கும்போது அது உருவான விதத்துக்கும் வாங்கியவர் பொறுப்பு என்று அவர் எழுதினார். செய்தவரின் வயிற்றில் அடித்து வந்த பொருள் என்றால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு. சமாரியன் வழியில் கிடந்தவனைப் பார்த்தான். நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாவில் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் கூலியைக் குறைத்தேன். நம்ம பக்கம் போர்வெல்லும் இதே கதைதான். கண்மாய் ஊருக்கே தண்ணீர் வைத்திருக்கும். நான் ஆழமாகப் போர் போட்டால் பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு வற்றும். அதற்குப் பிறகு அவருக்கு இலவசமாக ஒரு குடம் தண்ணீர் கொடுத்தால் அதன் பெயர் அன்பா?

சரி, 30,000 சம்பளம், வீட்டு வாடகை, இஎம்ஐ, தங்கச்சி படிப்பு. இதில் தாய்ப் பறவையாக இருக்க முடியுமா என்று கேட்பது நியாயம்தான். குமரப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ரத்தக் கொதிப்போடு ஓடி ஓடி உடம்பையும் கெடுத்துக்கொண்டார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்றே, காலமானார். அவர் மாதிரி எல்லோராலும் முடியாது, முடிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சமாரியன்கூட மறுநாள் தன் வேலையைப் பார்க்கத்தான் புறப்பட்டுப் போனான். ஆனால் போவதற்கு முன் கொடுத்தது அவன் சொந்தக் காசு, வேறொருவர் கூலியில் பிடித்தது இல்லை.

இந்த கிறிஸ்துமஸுக்கும் அதே தறி வீட்டுக்குத்தான் போகணும். பேரம் பேச மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், இந்த முறை அம்மாவும் கூட வருகிறார். பேரத்தில் அவர் எனக்கு வாத்தியார்.